டர்போவைக் குலுக்கிப் பார்த்த நாள்

வேனை விற்றே தீர வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் சண்டை பிடிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் சாதிக்காய், கராம்பு, மிளகு வாங்கி விற்கிறவள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களில் வீடு வீடாகப் போய் மூட்டை சேர்ப்பேன். அவர் தன் பழைய டீசல் வேனில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டு வருவார். கொஞ்ச நாளாக அந்த வேனுக்கு மூச்சு வாங்கியது. ஏற்றத்தில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு நாள் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு நடந்து போன பெண்கள் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மானமே போயிற்று. வேனை விலைக்குக் கேட்டிருந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வேனில்தான் என் கணவரின் உயிரே இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்தால் மறந்துபோகிற மனுஷன், அதன் கண்ணாடியைத் துடைக்க ஒரு நாளும் மறந்ததில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டர்போ போய்விட்டது, பழையதில் நல்லதாக ஒன்று கிடைத்தால் போட்டுப் பார்ப்போம், அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் விற்றுவிடலாம் என்றார். பழைய உதிரிப்பாகக் கடைக்கு என்னையும் கூப்பிட்டார். குறை கண்டுபிடித்து விஷயத்தை முடித்துவிடலாம் என்று நானும் கிளம்பினேன்.

பஸ்ஸில் போகும்போதே, கராஜில் வேனைப் பழுது பார்க்கிற பாஸ் சொல்லி அனுப்பியதை எல்லாம் அவர் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தார். டர்போ என்றால் நத்தை ஓடு போல இரண்டு இரும்புக் கூடு, நடுவில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் சின்ன விசிறி. எஞ்சின் புகை ஒரு விசிறியைச் சுழற்றும். மற்றது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். கழற்றி வைத்த டர்போவில் எண்ணெய் இருக்காது என்பதால், தண்டு பக்கவாட்டில் துளி ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் அசையவே கூடாது. விசிறி கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கடை முதலாளி பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். என்ன செய்ய, கைப்பழக்கம்! சாதிக்காயை அப்படித்தான் பார்ப்போம்; ஓட்டுக்குள் கொட்டை கலகலத்தால் நன்றாகக் காய்ந்தது என்று அர்த்தம். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு அவர் தண்டை ஆட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் அசையவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. துளியாவது ஆட வேண்டிய தண்டு ஏன் இப்படி விறைத்து நிற்கிறது? பழைய சாதிக்காய்க்குத் தேங்காயெண்ணெய் பூசிப் புதுசு என்று நீட்டுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எண்ணெய் போகிற துளைக்குள் சுண்டுவிரலை விட்டேன். கெட்டி கிறீஸ் அப்பிக்கொண்டு வந்தது.

"முதலாளி, இத மண்ணெண்ணெயில கழுவிக் காட்டுங்க. பொறகு பேசுவோம்."

துருப் பிடிக்காமல் இருக்கத்தான் கிறீஸ் வைத்தது என்று அவர் இழுத்தார். நான் நகரவில்லை. கழுவிய பிறகு என் கணவர் தண்டை இழுத்தார். டக்கென்று முன்னால் வந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வந்த வேலை முடிந்தது என்று நான் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வியாபாரி என்னையே ஏமாற்றப் பார்த்தால் சும்மா விடுவேனா? இருக்கிற எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன். ஒன்றில் விசிறி நுனி நசுங்கியிருந்தது, இன்னொன்றின் கூட்டில் வெடிப்பு. கடைசியாக அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்று அகப்பட்டது. பக்கவாட்டில் துளி ஆடியது, இழுத்தால் அசையவில்லை. உரசல் இல்லை, எண்ணெய்த் துளை சுத்தம். விரலால் சுண்டினேன், சத்தமே இல்லாமல் சுழன்று மெல்ல நின்றது. அதற்கப்புறம் பேரம். 'எடுத்துட்டுப் போங்க தங்கச்சி, எனக்கு வேற வேலை இருக்கு' என்று முதலாளியே கும்பிடும் வரைக்கும் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது.

கராஜ் பாஸ் அதை வேனில் பூட்டி, எஞ்சின் எண்ணெயையும் மாற்றிக் கொடுத்தார். ஏற்றம் ஏறி நின்றதும் எஞ்சினை அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓட விட வேண்டும், சட்டென்று அணைத்து அணைத்துத்தான் பழைய டர்போ போயிருக்கும் என்று என் கணவருக்கு ஏச்சும் கொடுத்தார்.

சனிக்கிழமை மூட்டைகளோடு ஏறினோம். புகை இல்லை. அந்தப் பெண்கள் தாண்டிப் போன அதே வளைவில் வேன் கர்வமாகத் திரும்பியது. மேலே போய் நின்றதும் என் போன் அடித்தது. வேனைக் கேட்டவர், நாளைக்கு வரட்டுமா என்றார். என் கணவர் பழக்கத்தில் சாவியில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"அணைக்காதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போனில், வர வேண்டாம், வேன் விற்பதற்கில்லை என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்ல சாமானக் கண்டா ஒன்னால விட்டுட்டு வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தானே கூட்டிக்கிட்டுப் போனேன்."

திட்ட வாயைத் திறந்தேன். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டேன்.