நாலு நாள் பேதி மருந்து

இன்று மதியம், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வரும் பேருந்தில், கிளியனூர் தாண்டியதும் என் பக்கத்து சீட்டுப் பெண் மயங்கிச் சரிந்தாள். இருபது வயது இருக்கும். கன்னமெல்லாம் பழுத்த பருக்கள்.

அவளுடைய அம்மா தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். நான் பிஸ்கட்டை நீட்டினேன். அவள் கை வந்தது. அம்மா தடுத்துவிட்டார்.

“வேணாங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. முகம் தெளியணும்னு நாலு நாளா பேதி மருந்து குடுத்துக்கினு இருக்கேன். வெறும் மோருதான்.”

“டாக்டர் சொன்னாரா?”

“அவரு களிம்புதான் குடுத்தாரு. இதப் பாருங்க.”

போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட். ‘குடலைக் கழுவுங்கள், முகம் தானாகத் துலங்கும்.’

மேலே என் பெயர். எங்கோ அரைகுறையாகப் படித்ததை வைத்து போன மாதம் இங்கே முகநூலில் நான் எழுதியது. முகப்புப் படமாகச் செம்பருத்திப் பூ வைத்திருப்பதால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“வயித்துக்கும் தோலுக்கும் சம்பந்தம் இருக்கலாங்க. அதுக்காகப் பட்டினி போட்டு பேதி குடுத்தா உயிருக்கே ஆபத்து. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றேன்.

“நீங்க டாக்டராங்க?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்னாங்க? இத எழுதினவங்க தெரிஞ்சுதான எழுதியிருப்பாங்க.”

அது நான்தான் என்று சொல்லாமல், பிஸ்கட்டை மறுபடி நீட்டினேன்.

திண்டிவனத்தில் அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிஸ்கட் என் கையிலேயே இருந்தது.

பதிவை நீக்கிவிட்டேன். அவர் போனில் அது இருக்கும்.

அன்று அதற்கு இதயம் போட்ட உங்களில் ஒருவராவது, ‘நீ டாக்டரா?’ என்று கேட்டிருக்கலாம்.