கயிற்றின் மறுமுனை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். தூத்துக்குடித் துறைமுகத்தில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவரும் பாய்ப்படகு ஒன்றில் கூலிக்கு இருந்தேன். கரைப்பக்கம் ஆழம் போதாது என்பதால் கொழும்புக் கப்பல் சில மைல் தள்ளியே நின்றுவிடும். ஆட்களையும் மூட்டைகளையும் நாங்கள்தான் ஏற்றி வரவேண்டும்.

அதற்கு முன் நான் சங்குப் படகில் இருந்தவன். என் அக்காவின் புருஷன் சங்கு குளிப்பார், கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுப்பார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை நான் மேலே படகில் பிடிப்பேன். குளிக்கிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிப்பது எங்கள் கரையில் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் துணிய மாட்டான் என்ற நம்பிக்கை. கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். ஒருநாள் பீடி பற்றவைப்பதற்காகக் கயிற்றைப் படகின் முளையில் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். படகில் மற்றவர்கள் அவரவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. கயிற்றை மறுபடி தொட்டபோது அதில் அசைவே இல்லை. இழுத்தேன். அத்தான் வந்தார், உயிர் இல்லை.

பாறையில் கயிறு சிக்கிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடப் பீடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து கயிற்றை யாரோ ஒரு சுண்டு சுண்டினார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்மேல் வாளி மட்டும் ஆடாமல் கிடந்தது. அதற்குப்பின் எந்தக் கயிற்றைத் தொட்டாலும் அதுதான். பாய்க்கயிறு, துணி காயப்போடும் கொடி, எதுவானாலும் ஒரே ஒரு சுண்டு, அத்தான் சுண்டுகிற மாதிரியே. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டேன். விடிந்தால் அடைந்தால் செபம்தான். சுண்டுவது நிற்கவில்லை. சங்குப் படகை விட்டு ஓடிவந்தது அதனால்தான்.

ஒருநாள் காலை கப்பலில் வந்தவர்கள் சிங்கள யாத்திரிகர்கள். வெள்ளைத் துணி உடுத்த பத்துப் பன்னிரண்டு பேர், புத்த கயாவுக்குப் போகிறவர்கள். பாதி வழியில் காற்று செத்துவிட்டது. கடல்மேல் வெள்ளையாக மூட்டம் இறங்கி, கப்பலும் மறைந்தது, கரையும் மறைந்தது. அலைச்சத்தம்கூட இல்லை.

தண்டல், அதாவது படகை நடத்துகிறவர், பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஏலே, குண்டைப் போட்டு ஆழம் பாரு. மேட்டுல ஏறிறப் போவுது.”

ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் பயந்துகொண்டே இறக்கினேன். குண்டு தரை தட்டியது. அடுத்த நொடி, ஒரு சுண்டு. பிடியை விட்டுவிட்டேன். நழுவிய கயிற்றைப் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி எட்டிப் பிடித்தாள். ஐம்பது வயதிருக்கும். கொழும்பில் தமிழர்களோடு பழகியவள் போல; உடைந்த தமிழ் பேசினாள்.

கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கீழ யாரு தம்பி?”

அதுவரை எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பீடி உட்பட.

“செத்தவங்க வந்து நிப்பாங்க தம்பி. கோபம் இல்லை. நம்ம புண்ணியத்துல பங்கு கேட்டு நிப்பாங்க. நீ குடுத்ததா?” என்றாள்.

எங்கள் கோயிலிலும், செத்தபின் பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமாக்கள் நம் செபத்துக்காகக் காத்திருக்கும் என்றுதான் சொல்வார்கள். அத்தனை செபமாலை சொல்லியிருந்தேனே, அதில் ஒன்றுகூட அத்தானுக்காக இல்லை. எல்லாம் அவரிடமிருந்து என்னைக் காப்பாற்றச் சொல்லித்தான்.

அவள் பையிலிருந்து வெள்ளை நூல் உருண்டையை எடுத்தாள். விகாரையில் பிக்குகள் ஓதிக் கொடுத்ததாம். ஒரு முனையைக் கயிற்றில் கட்டி, மறுமுனையைச் செபமாலையோடு சேர்த்து என் கையில் வைத்தாள். அவள் தன் பாஷையில் ஓத ஆரம்பித்தாள். நான் மரித்தோருக்கான செபத்தைச் சொன்னேன். முதல்முறையாக அத்தான் பெயரைச் சொல்லி.

மறுபடி ஒரு சுண்டு.

“இழு தம்பி. பயம் வேணாம்.”

இழுத்தேன். ஈயக்குண்டின் கனம் இல்லை அது. ஓர் ஆளின் கனம். எத்தனையோ நாள் இழுத்துப் பழகிய கனம், எனக்குத் தெரியாதா? அவளும் ஒரு கை பிடித்தாள். தண்ணீருக்குக் கீழே மங்கலாக ஏதோ மேலேறி வருவது போலிருந்தது. நான் கண்ணை மூடவில்லை. ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் ஆழம், மிச்சமிருக்கும்போது கனம் சட்டென்று இல்லாமல் போய்விட்டது. குண்டு மட்டும் வந்தது. தொட்டுப் பார்த்தேன். மனுஷ உடம்பு மாதிரி கதகதப்பாக இருந்தது.

“என் மகன் யுத்தத்துல கப்பலோட போயிட்டான். உடம்பு கிடைக்கலே. உங்க சாமிகிட்டயும் சொல்லு தம்பி” என்றாள் அந்த அம்மாள். அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதே செபத்தை அவனுக்காகவும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காற்று எழும்பியதும் நான் பாய்க்கயிற்றை இழுக்கப் போனேன்.

கரையேறியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“அன்னைக்கே படகுல இருந்தவங்க சொல்லிட்டாங்க, லே. நீயா வந்து சொல்லுவேன்னுதான் கிடந்தேன்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். அழுது முடித்து, “போ, கை கால் கழுவிட்டு வா, சோறு போடுதேன்” என்றாள்.

அதற்குப்பின் எந்தக் கயிறும் என்னைச் சுண்டியதில்லை. அந்த அம்மாளையும் நான் மறுபடி பார்க்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைக்குப் போகும்போது, முகம் தெரியாத அந்தக் கொழும்புப் பையனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். வேற்று மதத்தார் சொல்லும் செபம் நம்மவர்களுக்குப் போய்ச் சேருமா என்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை; என் அத்தானுக்குச் சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறேன்.