வேட்டுக்காக நின்ற பாட்டு

மதிய வேட்டு வரும்போது முதலில் நடுங்குவது மைக்கூட்டில் இருக்கும் மைதான். கறுப்பாகச் சின்னச் சின்ன வளையங்கள்... அடுத்த நொடி பாதத்தில் ஓர் அதிர்வு, ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிணுங்கல். கீழே தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்துப் பாறையை உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாத்தியார் சொல்லாமலே நாங்கள் மைக்கூட்டைக் கையால் பிடித்துக்கொள்வோம். பிடிக்காதவள் மாரிகுப்பத்துக்குப் புதியவள்.

தோழிகளே, என் குழந்தை இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏனோ கூடப் படித்த எஸ்தர் ஞாபகம்.

எங்கள் ஹைஸ்கூலில் பெண்கள் ஏழெட்டுப் பேர்தானே. எஸ்தரின் அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. அதிகம் பேசாத மனிதர். "இந்த வருசத்தோட போதும், கண்ணு. படிச்ச வரைக்கும் படிச்சாச்சி" என்று சொல்லிவிட்டார். எஸ்தர் அழவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு நானே பாட்டுக் கட்டுகிறேன் என்று பள்ளிக்கூடத் துரைசானியிடம் போய் நின்றாள். பள்ளியில் அதுதான் கடைசிப் பாட்டு என்று நினைத்திருப்பாள்...

தினமும் மதியம் ஒத்திகை. பாட்டு பாதியில் போகும்போது வேட்டு வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். துரைசானி ஆர்மோனியத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து என்பார். ஒரு நாள் எஸ்தர் எங்களிடம் சொன்னாள்.

"அத்த ஏன்டி வெரட்டணும்? அதுக்கும் ஓர் எடம் குடுத்துடலாம்."

'பூமியே, நீயும் சொல்' என்று பாட்டில் ஒரு வரி சேர்த்தாள். அதன்பின் பாட்டு நிற்கும். எஸ்தர் கையைத் தூக்கிப் பிடிப்பாள். பூமி அதிரும். கை இறங்கும். நாங்கள் தொடர்வோம். வேட்டுக்கு முன்னால் ஊதும் சங்கு ஓய்ந்ததும் பாடத் தொடங்கினால் போதும், எல்லாம் சரியாக வந்து பொருந்தும்.

விழா அன்று பரிசு கொடுக்க வேண்டிய மேனேஜர் துரையின் குதிரை வண்டி நேரத்துக்கு வரவில்லை. சங்கு ஊதியது. வேட்டும் வந்து போனது. பிறகுதான் அவர் வந்தார்.

"இப்போ இன்னாடி பண்றது?" என்றேன். "நிக்காமப் பாடிடலாமா?"

"நிக்காமலா? அங்க நின்னாத்தான்டி அது பாட்டு!"

பாடினோம். நின்றோம். எஸ்தரின் கை மேலே போனது... அப்படியே நின்றது.

முன்வரிசைத் துரைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து நின்றவர்களிடம் ஓர் அசைவும் இல்லை. பள்ளியை ஒட்டிய கூலிக்காரர் லைன் வீடுகளில் படுத்தபடி தினமும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களும் வேட்டுக்குத்தான் காத்திருந்தார்கள் போலும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"வேட்டு வந்துட்டதா வச்சிக்கினு பாடும்மா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. அது அவள் அப்பாவின் குரல். கை இறங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் பாடிய மாதிரி எந்த ஒத்திகையிலும் பாடியதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அப்பா தோளில் துண்டோடு முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்த வருசம் தொரை வண்டி எப்போ வரும்னு கேட்டுக்கினு கட்டு, கண்ணு."

"சரி நைனா."

கொஞ்ச தூரம் போனதும் எஸ்தர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அடுத்த வருசமாம்டி..."

இப்போது பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் மின்சார விளக்கு எரிகிறது. பள்ளி விழாக்களுக்குச் சென்னையிலிருந்து அச்சடித்த பாட்டுப் புத்தகம் வருகிறது. குறித்த நேரத்தில் தொடங்கி முடித்தும் விடுகிறார்கள். எஸ்தர் பங்காருபேட்டைப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். இன்னும் பாட்டுக் கட்டுகிறாள். ஒவ்வொன்றிலும் எங்கோ ஓர் இடம் சும்மா நிற்குமாம்... பிள்ளைகளும் ஏன் என்று கேட்காமல் நிற்பார்களாம்.

நான் காலேஜில் எஃப்.ஏ. வரை படித்தேன். என் மகளுக்கு இன்னும் பேச்சே வரவில்லை, அதற்குள் ஏதோ ராகம் இழுக்கிறாள். என்ன படிப்பாளோ, என்ன ஆவாளோ என்று எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எஸ்தரின் அப்பா ஒரு நாளும் அவளைப் பாராட்டியதாக நினைவில்லை. ஆனால் அலுப்போடு வந்து படுத்த மனிதர் தினமும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்.

நானும் நாள் முழுக்க இவள் பக்கமே காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்... இருமுகிறாளா என்றுதான்.