மருந்து ஏறிய கை

போன ஞாயிறு சுவா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஆடிக்கூழ். நான் சிரம்பானிலிருந்து பஸ் ஏறிப் போனதே சண்டை போடத்தான். என்னைப் பேச விட்டால்தானே!

விஷயம் இதுதான். என் அக்கா பாப்பாத்திக்கு ஈரலில் கட்டி இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்கே தெரியாத துகள்களை ஊசியில் ஏற்றுகிறார்கள்... அவை நேராக ஈரலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள துகள்கள் — அதை ஒரு கேமரா படம் பிடிக்கிறது. நல்ல இடமெல்லாம் வெளிச்சம். கட்டி இருக்கும் இடத்தில் துகள் தங்காது, இருட்டு.

அக்காவின் படத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இருட்டு. அடுத்த வாரம் ஆபரேஷன்.

அதற்குமுன் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். வருடா வருடம் அவள் கைதான் ஊற்றும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஸ்கேன் முடிந்து அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றே, தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாருக்கும் கதிர்வீச்சு பற்றி விளக்கம் சொன்னேன். ஒரு நாள் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். 'ஒரு நாள்' மட்டும் யார் காதிலும் விழவில்லை. அவளைக் கூழ் ஊற்ற விடமாட்டார்களாம் என்று சிரம்பானுக்கே செய்தி வந்தது.

எஸ்டேட்டில் அவளை வேலை வாங்கும் மண்டோர்தான் கோயிலுக்கும் தலைவர்; கூழ் அண்டாவை மறித்து நின்றார்.

"கோவிச்சுக்காத லா, பாப்பாத்தி. புள்ளைங்க குடிக்கிற கூழு. மருந்து ஏறுன கை வேணாம்."

"ஒரு நாளுதான்னு டாக்டர் சொன்னாரு மண்டோரே. பத்து நாளாச்சு" என்றாள் அக்கா.

"இருந்தாலும்..."

நான் வாயைத் திறந்தேன். "நீ பேசுனது போதும்" என்றாள் அக்கா. எனக்கு வேண்டியதுதான்!

அகப்பையை எடுத்தாள்.

"பதினாறு வருசமா புல்லுக்கு விஷம் அடிக்கிறேன். டின்னு ஒழுகி முதுகெல்லாம் நனையுது. அப்பல்லாம் இந்தக் கை ஊத்துன கூழ மூணு கிண்ணம் குடிச்சீங்களே? என் உசுரக் காப்பாத்தப் போட்ட மருந்து ஒரு நாள்ல போயிடும்னு சொல்ல ஒரு டாக்டரு இருக்காரு. தெனமும் நீங்க என் முதுகுல ஏத்துற மருந்து எப்பப் போவும்? யாருகிட்ட கேக்கட்டும்?"

மண்டோர் நகர்ந்தார். 

அண்டா காலியாகும்வரை அவள்தான் ஊற்றினாள். உப்புக் கொஞ்சம் கம்மி. சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த ஆடிக்கும் அவள்தான் ஊற்றுவாள். மறிக்க நினைக்கிறவர் யாராக இருந்தாலும் — கட்டியே ஆனாலும் — வந்து பார்க்கட்டும்!