கரண்டி திருடியவரின் ஊர்

ஞாயிறு, காலை. சூரிச்.

மெல்பேர்னிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்து இறங்கியவனுக்கு முதலில் வேண்டியது ஒரு கோப்பை தேநீர். விமான நிலையத்தில் அதற்கு ஐந்து பிராங்க் எண்பது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் பணப்பையைத் திறப்பதற்குள் எங்களை அழைத்துப்போக வந்திருந்த என் அண்ணை கையைப் பிடித்துவிட்டார்.

"உனக்கென்ன விசரோ? நான் கொண்டந்திருக்கிறன்."

தோள்பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலும் ஒரு பொட்டலம் மீன் ரோல்சும் வெளியே வந்தன. சுவிசுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் விமான நிலையத்தில் ஒரு சதமும் செலவழித்ததில்லை என்பது அண்ணையின் பெருமைகளில் ஒன்று. என் மனைவி ஹெலன், "தேத்தண்ணி நல்லா இருக்கு அத்தான்" என்றாள். கணவனின் அண்ணனும் எங்கள் வழக்கில் அத்தான்தான். அவள் பேசும் தமிழ் முழுவதும் என் வீட்டாரிடம் பொறுக்கியது. எனவே அவள் அவுஸ்திரேலியாக்காரியாக இருந்தாலும் தமிழில் சுத்தமான யாழ்ப்பாணத்தாள்.

நாங்கள் வந்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெலனின் முப்பாட்டனுக்கும் முந்திய ஒருவர், ஜாக் என்று பெயர், கப்பலில் கைதியாக அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். இந்தச் சங்கதியை ஹெலனின் தாயார் கடைசிவரை மூடி மறைத்தார். "எங்கள் ஆட்கள் சுதந்திரமாக வந்தவர்கள்" என்பார். இப்போது காலம் மாறிவிட்டது. வம்சத்தில் ஒரு கைதி இருந்தால் அவுஸ்திரேலியர்கள் அதை விருந்துகளில் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். கைதிகளின் பழைய ஏடுகளையெல்லாம் கணினியில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஹெலனுக்கு அதுதான் வேலை.

ஏட்டில் ஜாக்கைப் பற்றி என்னென்னவோ இருக்கிறது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கண் நீலம். வலது புருவத்தில் தழும்பு. தொழில் இனிப்புப் பலகாரம் செய்தல். லண்டனில் வேலை செய்த வீட்டில் ஆறு வெள்ளிக் கரண்டிகள் திருடியதற்கு ஏழு வருடத் தண்டனை. விடுதலையான பின் ஹோபார்ட்டில் ஒரு கேக் கடை வைத்து, தன்னைப்போலவே கைதியாக வந்த பிரிஜெட் என்ற அயர்லாந்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறார். பிரிஜெட்டின் தாய் பெயர்கூட ஏட்டில் இருக்கிறது. ஜாக்கின் தாய் பெயர் மட்டும் இல்லை. 'சொந்த இடம்: ஆர்டெஸ், சுவிட்சர்லாந்து' என்பதோடு அவர் கதை அந்தப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

ஹெலனுக்கு வேண்டியது அந்தத் தாயின் பெயர். "மகன் எங்கே போனான் என்று தெரியாமல் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கு ஒரு பெயராவது வேண்டாமா?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். இரண்டு மகன்களைப் பெற்றவள். அதில் ஒருவன் வாரத்துக்கு ஒருமுறை அழைக்க மறந்தாலே வீட்டில் இருப்புக் கொள்ளாதவள்.

ஞாயிறு, மாலை. டாவோஸ்.

சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட் வரை பெரிய ரயில். அங்கே சிவப்பு நிற மலை ரயிலுக்கு மாறினால் டாவோஸ். மொத்தம் இரண்டரை மணி நேரப் பயணம். அண்ணை பல நாட்களுக்கு முன்பே மலிவு விலைச் சீட்டு எடுத்துவைத்திருந்ததால் டிக்கட் விலையைப் பற்றி அவர் வாயால் கேட்கும் பாக்கியம் எங்களுக்கு வழி முழுக்கக் கிடைத்தது.

டாவோஸ் ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு மேலே இருக்கிறது. அகதியாக வந்த புதிதில் அண்ணை இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார். பிறகு சமையற்காரர் ஆனார். இப்போது ஓய்வு. அவர் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஜாக்கின் கதையை முழுதாகக் கேட்டவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆறு கரண்டிக்கு ஏழு வருசமோ? நான் இந்த டாவோசில மிச்சச் சாப்பாட்டோட குப்பைக்குள்ள தட்டின கரண்டியளுக்குக் கணக்கே இல்லை. என்னை எங்க அனுப்பியிருப்பாங்கள்?"

"அத்தான், அது வெள்ளிக் கரண்டி."

"இதுவும் வெள்ளிதான் பிள்ளை. ஷெஃப் வாளிக்குள்ள கைவிட்டுத் தேடுவார்." பிறகு விரல்களை விரித்துக் காட்டி, "எங்களையும் வந்த உடன உயரம் அளந்து, படம் எடுத்து, பத்து விரலையும் மையில உருட்டினவங்கள். உங்கட ஜாக்குக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு எனக்கு விளங்குது" என்றார்.

ஹெலன் அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பு போட்டாள். அவளுக்கு நன்றி சொல்லத் தெரிந்த வழி அது.

திங்கள். ஆர்டெஸ்.

டாவோசிலிருந்து குளோஸ்டர்சுக்குப் போய், அங்கே ரயில் மாறி, பத்தொன்பது கிலோமீற்றர் நீளமுள்ள வெரைனா சுரங்கத்துக்குள் நுழைந்தால் மறுபக்கம் எங்கடின் பள்ளத்தாக்கு. சுரங்கத்தை விட்டு வந்ததும் சாக்லியான்ஸ் என்றொரு நிலையம். அங்கே ரயில் மாறலாமே தவிர, வெளியே போக வழி கிடையாது. சுவிஸ்காரர் இப்படி ஒரு நிலையத்தைக் கட்டி, அதற்கு நேர அட்டவணையும் போட்டு, பூந்தொட்டி வைக்காததுதான் குறை.

ஆர்டெஸ் சின்ன ஊர். சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. ஜன்னல்கள் உள்ளே குவிந்து சிறுத்திருக்கின்றன. சாந்தைச் சுரண்டிச் சுவரெல்லாம் கோலம் போட்டிருக்கிறார்கள். எதிரே வந்த ஒரு கிழவர் "அலேக்ரா" என்று வணக்கம் சொன்னார். அது இந்தப் பள்ளத்தாக்கின் ரொமான்ஷ் மொழி. அண்ணை பதிலுக்கு "அலேக்ரா" என்றுவிட்டு, "இதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

ஹெலன் நேரே தேவாலய முற்றத்துக்குப் போனாள். கல்லறைகள் அழகாக, பூச்செடியோடு இருந்தன. ஆனால் எல்லாம் புதியவை. இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. இருபது, இருபத்தைந்து வருடம் போனால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய தாயை எங்கே தேடுவது? ஹெலன் மதிலோரம் கிடந்த ஒரு கருங்கல் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நான் எதிரே இருந்த கடையில் அந்தப் பள்ளத்தாக்கின் பேர்போன அக்ரூட் கேக் ஒன்று வாங்கினேன். இருபத்து மூன்று பிராங்க். அண்ணை விலையைக் கேட்டும் வாய் திறக்கவில்லை. நிலைமை அப்படி.

அடுத்த பெரிய ஊரான ஷ்கோலில் பழைய தேவாலயப் பதிவுகளின் பிரதிகளைப் பார்த்துச் சொல்லும் பெண்மணி ஒருவர் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார். பெயர் செராய்னா. வெள்ளை முடி, பச்சைக் கண்ணாடி, நல்ல ஆங்கிலம். ஹெலன் தன் கேள்வியைப் பல மாதங்களுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தாள்: இன்னார் இன்ன வருடங்களுக்குள் ஆர்டெஸில் பிறந்தாரா?

"பார்த்தேன். எங்கள் மொழியில் ஜாக்கின் பெயர் யாக்கென் என்று இருந்திருக்கும். அந்த வருடங்களில் ஆர்டெஸில் அவர் குடும்பப் பெயருள்ள வீடுகளில் யாக்கென் என்று யாருக்கும் ஞானஸ்நானம் நடக்கவில்லை" என்றார் செராய்னா. "முன்னும் பின்னும் பத்து வருடம் பார்த்துவிட்டேன். இல்லை."

அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகளை மேசையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். எங்களிடம் அடுத்த கேள்வி இல்லை.

திங்கள், இரவுச் சாப்பாடு. டாவோஸ்.

"பொய் சொல்லியிருக்கிறார்" என்றாள் ஹெலன். "கைதியள் கனபேர் அப்பிடித்தான். பேர், வயசு, ஊர், எல்லாம் பொய். குடும்பத்துக்கு அவமானம் வரக்கூடாது எண்டு." கைக்குட்டையிலிருந்த கல்லைக் கொண்டுபோய் அண்ணையின் பால்கனிப் பூந்தொட்டியில் போட்டாள். "ஆரோ ஒருத்தரின்ர ஊர்க் கல்."

இத்தனை வருடங்களில் அவள் ஜாக்கைத் திருடன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பொய்யன் என்று சொன்னது அன்றுதான், அதுவும் தனக்கே பொய் சொன்னதுபோல. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அண்ணை எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய சிவப்புக் கடவுச்சீட்டு.

"பிள்ளை, இதில நான் பிறந்த இடம் எங்க போட்டிருக்கு எண்டு பாருங்கோ."

ஹெலன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். பிறந்த இடம் என்று ஒன்றும் இல்லை. 'ஹைமாட்டோர்ட்' என்ற, சொந்த இடம் என்று பொருள்படும் ஜெர்மன் தலைப்பின் கீழே டாவோஸ் என்று இருந்தது.

"நீங்கள் டாவோசில பிறக்கேல்லையே, அத்தான்."

"நான் பிறந்தது யாழ்ப்பாணத்து வேலணையில. இவங்களுக்கு அது முக்கியமில்லை. நான் எந்த ஊருக்கு உரியவன் எண்டதுதான் முக்கியம். எனக்குக் குடியுரிமை தந்தது டாவோஸ். அதால நான் டாவோஸ்காரன். என்ர மகள் பிறந்தது சூரிச்சில, அவளும் டாவோஸ். அவளின்ர பிள்ளையள் ஜெனீவாவில பிறந்தாலும் டாவோஸ். தகப்பன் வழியோ தாய் வழியோ ஊர் கூட வரும். நான் கோப்பை கழுவின ஊர் இனி எங்கட பரம்பரைக்கே ஊர்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எனக்கு விளங்கத் தொடங்கியது. இதில் என்ன அதிசயம்? மெல்பேர்னில் பிறந்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத எங்கள் பிள்ளைகளிடம் கோவிலில் யாராவது "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டால், "வேலணை" என்றுதான் சொல்கிறார்கள். கேட்பவரும் திருப்தியாகத் தலையாட்டுகிறார். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

"அந்த வெள்ளைக்கார எழுத்தர் ஜாக்கிட்ட எந்த இடம் எண்டு கேட்டிருப்பார்" என்றார் அண்ணை. "சுவிஸ்காரனுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் தெரியும். அவர் பொய் சொல்லேல்லை, பிள்ளை."

"அப்ப செராய்னா ஏன் இதைச் சொல்லேல்லை?" என்று ஹெலன் கேட்டாள்.

"ஜாக் அங்க பிறந்தவரோ எண்டு நீங்கள் கேட்டியள். அவ இல்லை எண்டு சொன்னா. இங்க கேட்டதுக்குத்தான் மறுமொழி வரும். நான் இதை விளங்கிக்கொள்ளவே பத்து வருசம் எடுத்தது."

செவ்வாய். மறுபடியும் ஷ்கோல்.

காலையில் அண்ணை ஜெர்மனில் தொலைபேசி எடுத்து, கேள்வியைத் திருத்தி, ஜாக் ஆர்டெஸுக்கு உரியவரா என்று கேட்டார். மறுமுனையில் செராய்னா நெடுநேரம் சிரித்தது எனக்கே கேட்டது. மதியம் வரச் சொன்னார். மறுபடியும் அதே சுரங்கம், அதே வெளியேற முடியாத நிலையம். இந்த முறை ஹெலன் வழி முழுக்க ஜன்னலைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் ஊரில் இருந்ததே குறைவு" என்றார் செராய்னா. "இங்கே விளைச்சல் போதாது. இனிப்புப் பலகாரக் கடை வைக்கத் தெற்கே கடலோர நகரங்களான வெனிசுக்கும் திரியெஸ்தேக்கும் போனார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஆனால் ஊர்க் குடிமக்கள் ஏட்டில் பெயர் இங்கேதான் இருக்கும்." ஒரு பிரதியை எங்கள் பக்கம் திருப்பினார். "யாக்கென். திரியெஸ்தேயில் பிறந்தவர். ஆர்டெஸ் குடிமகன். தகப்பன் துமாஷ், பலகாரக் கடைக்காரர். தாய் மெங்கியா."

ஹெலன் அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். உச்சரிப்பு தவறு. செராய்னா திருத்தினார். அவள் மறுபடி சொன்னாள். சரியாக வந்தது.

"தாய் விதவையாகி ஆர்டெஸுக்குத் திரும்பியிருக்கிறார். இங்கேதான் காலமானார். மகனுக்கு நேரே 'வெளிநாட்டில்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இறப்பு பதியப்படவில்லை. யாரும் வந்து சொல்லவில்லை."

"நான் சொல்கிறேன்" என்றாள் ஹெலன்.

ஜாக் ஹோபார்ட்டில் இறந்த நாளை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். செராய்னா பழைய பக்கத்தில் கைவைக்க முடியாது என்று வருத்தத்தோடு விளக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டில் பென்சிலால் அதை எழுதி, கீழே தன் பெயரையும் ஹெலனின் பெயரையும் போட்டு, பிரதியோடு இணைத்துவைத்தார். பிறகு இருவரும் கட்டிக்கொண்டார்கள். அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

புதன். புறப்படுதல்.

காலையில் பெட்டி கட்டும்போது பால்கனிப் பூந்தொட்டியில் கல்லைக் காணவில்லை. ஹெலன் அதைக் கழுவித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். ஜாக் ஒருவேளை கண்ணாலும் காணாத ஊரின் கல். அவர் தாய் கடைசியாக நடந்த ஊரின் கல்.

சூரிச் ரயிலில் அண்ணை எங்களுக்கு எதிரே அமர்ந்து கைத்தொலைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தார். ஊரில் யார் தவறினாலும் எங்கள் ஆட்களின் இணையத்தளங்களில் போடும் மரண அறிவித்தலை எழுதிக்கொடுப்பது டாவோஸ் தமிழரிடையே அவர் வேலை. அதற்கென்று மாறாத ஒரு சொற்கட்டு உண்டு. அதில் ஒரு சொல் பிசகினாலும் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள்.

"பிள்ளை, இப்பதான் எல்லா விபரமும் கிடைச்சிருக்கு. மனிசன் செத்து இவ்வளவு காலமாச்சு, ஒருத்தரும் முறையா அறிவிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"திரியெஸ்தேயைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் ஆர்டெஸைச் சொந்த இடமாகவும், அவுஸ்திரேலியா ஹோபார்ட்டை வதிவிடமாகவும் கொண்ட, கேக் கடை உரிமையாளர் யாக்கென் என்னும் ஜாக் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற துமாஷ், மெங்கியா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற பிரிஜெட்டின் பாசமிகு கணவரும், மெல்பேர்ன் ஹெலனின் அன்பு மூதாதையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

கரண்டிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் ஆட்களின் அறிவித்தலில் அப்படி எதுவும் வராது.

இந்த எழுத்துத் தமிழ் ஹெலனுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் விளங்க வேண்டியது விளங்கியிருந்தது. கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அந்த அம்மாவின்ர பேர் வாற இடத்தை மட்டும் இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள்.

அண்ணை வாசித்தார்.