இரவல் டயரும் சொந்தப் படியும்

என் ஜீப்பை இரும்புக்கடைக்குப் போடச் சொன்னவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கு அதில்தான் ஏறிப் போகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான்.

தேவிகுளத்துக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கடைசி டிவிசனில் இருபத்தொன்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். சரிவிலேயே நின்று நின்று இரண்டு முட்டியும் போயின. எனக்கு மட்டுமா? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஐம்பதைத் தாண்டிய எவளுக்கும் நல்ல முட்டி கிடையாது. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர், வழி முழுக்கக் கல்லும் பள்ளமும். ஆஸ்பத்திரிக்கோ ரேஷனுக்கோ போக வேண்டுமென்றால் வாடகை ஜீப்தான். அதன் பின்பக்கம் எங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். மேலே நின்று ஒருத்தி கையைப் பிடித்து இழுக்க வேண்டும், கீழே நின்று இன்னொருத்தி முதுகைத் தள்ள வேண்டும். அப்படித்தான் ஏறுவோம்.

ஒருநாள் ஜீப் ஸ்டாண்டில் என்னை அப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் லயத்துக்காரனேதான், ஒரு டிரைவர், பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான்: "என்னடே, மூட்டைய ஏத்தியாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தள்ளிக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருகிறது. அன்று வீடு வந்து சேரும்வரை ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படி வைத்த வண்டி ஒன்று எனக்கு வேண்டும். யார் கையும் முதுகில் படாமல் ஏற வேண்டும்.

ஃபேக்டரிக்குப் பின்னால் எஸ்டேட்டின் பழைய ஜீப் ஒன்று செடி முளைத்துக் கிடந்தது. அதன் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். எத்தனை தடவை முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்ததோ, அதை ஓட்டியவர்களுக்கே கணக்குத் தெரியாது. வேலையிலிருந்து நின்றபோது அதை ஏலத்தில் எடுத்தேன். எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் இல்லை. கயிறு கட்டி இழுத்துவந்து லயத்தின் முன்னால் நிறுத்தியபோது என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, ஊரு உலகத்துல பொம்பளைங்க கம்மல் வாங்குவாளுவ. நீ துருவ வாங்கிட்டு வந்து நிக்கே."

"கம்மல்ல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமாங்கேன்?"

மனுஷன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

டவுனில் ஒரு மலையாளி மெக்கானிக் இருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, பெருமூச்சு விட்டார். "சேச்சி, இது ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் நிக்காது."

"முதல்ல ஓட வைங்க. நிக்க வைக்கிறத நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

எட்டு மாதம் ஆயிற்று. இன்ஜினைப் பிரித்துக் கட்டினோம். தரைத் தகடு அரித்துப்போய் உட்கார்ந்த இடத்திலிருந்து ரோடு தெரிந்தது, அதை மாற்றினோம். பிரேக் புதிது. பட்டை ஸ்பிரிங் பாதி புதிது. பாதை அப்படி என்பதால் பெரிய டயர் போட்டோம். நான் தினமும் போய் மண்ணெண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு நட்டுகளைக் கழுவுவேன். வேலை வெட்டி இல்லாமல் அங்கே வந்து உட்காரும் ஒருவர், "இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?" என்றார். "ஈ இல்ல அண்ணாச்சி, குளவி," என்றேன். மறுநாளிலிருந்து அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கிளட்ச் எனக்கு எட்டவில்லை. மிதிக்கும் இடத்தில் பலாக்கட்டை ஒன்றை வைத்து முடுக்கினோம். கடைசியாகப் படி. பின்பக்கம் இரண்டு படிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி. வெல்டிங் சூடு ஆறுவதற்கு முன்பே ஏறிப் பார்த்தேன். யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. உள்ளே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மெக்கானிக் ஏதோ ஸ்பேனரைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் கம்பி நட்ட மைதானத்தில் 'எச்' போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன்.

ஆனால் பழைய வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டெஸ்ட். கம்பெனியில் வந்ததைவிடப் பெரிய டயரோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாமானோ இருந்தால் ஃபெயில். எங்கள் பக்கத்து ஜீப்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு சின்ன டயர்கள் கிடக்கும். அவை எல்லோருக்கும் பொது. யாருக்கு டெஸ்டோ அவன் பெரிய டயரைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு போவான். பாஸ் ஆனதும் திரும்பக் கொண்டுவந்து போடுவான். என் வீட்டுக்காரரும் அந்த நான்கையும் உருட்டிக்கொண்டு வந்தார். "படியையும் அறுத்திரு. டெஸ்டு முடிஞ்சதும் ஒட்டிக்கிடலாம்," என்றார்.

டயருக்குச் சரியென்றேன். அது என் தப்பு. படிக்கு மாட்டேன் என்றேன். ஒளித்து வைத்துப் பாஸ் வாங்கினால் அது திருட்டுச் சாமான் ஆகிவிடாதா? நான் என்ன திருடியா?

இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர், பொறுமையான ஆள். வண்டியைச் சுற்றிவந்தவர் இடது பக்கத்துப் பின் டயரிடம் குந்தினார். அதன் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் தீற்றியிருந்தது. தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, இந்த டயர எனக்கு நல்லா அறியும். போன மாசம் ரெண்டு வண்டில வந்துச்சு. டயருக்கு சுகம்தானே?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவர் டயரின் நம்பரைக் குறித்துக்கொண்டு படிக்கு வந்தார். "இதும் பாடிக்கு வெளிய நிக்குது. வெட்டிட்டு வாங்க."

"சார், டயர் இரவல்தான். ஒத்துக்கிடுதேன். படி இரவல் இல்ல, அது என்னோடது. அத வெட்ட மாட்டேன்."

"பின்னால வர்ற ஸ்கூட்டர்காரன் மேல தட்டினா?"

கோபத்தில்கூட அது நியாயம் என்று தெரிந்தது. ஆனாலும் விடுவேனா? "அப்போ ஓடும்போது வெளிய நிக்கக் கூடாது, அதானே? நிறுத்தி வச்சிருக்கும்போது?"

அவர் யோசித்தார். "ஓடும்போது நிக்கக் கூடாது," என்றார்.

வண்டி ஃபெயில். நேராக மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன். வெல்டிங்கை நானே அறுக்கச் சொன்னேன், ஆனால் தூக்கிப் போடுவதற்கு அல்ல. கனமான கீல் இரண்டு, ஒரு சங்கிலி, ஒரு கொக்கி வைத்தோம். மடக்கினால் படி கதவோடு ஒட்டி உள்ளே போய்விடும், இறக்கினால் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். டயரும் எனக்கென்று அளவானதாக வாங்கிப் போட்டேன். பதினைந்தாம் நாள் மறுபடி போனேன். இன்ஸ்பெக்டர் படியை மூன்று தடவை மடக்கி, மூன்று தடவை இறக்கினார். பிறகு அவரே அதில் ஏறி உள்ளே போய், இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த நான்கு டயர்களின் கதை அதோடு முடிந்தது. நம்பர் பதிந்துவிட்டதால் அடுத்து டெஸ்டுக்குப் போனவன் வசமாக மாட்டினான். யாரென்று நினைக்கிறீர்கள்? என்னை மூட்டை என்றவனேதான். அவன் ஜீப் ஒரு மாதம் ஓரமாக நின்றது.

அந்த மாதத்தில்தான் அவன் அம்மாவுக்கு மூச்சுமுட்டு வந்தது. அவரும் கொழுந்தெடுத்தவர்தான், என்னைவிட மூத்தவர். காலையில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு என் ஜீப்பிடம் வந்து நின்றான். அன்று சொன்னது அவனுக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு இருந்தது. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அவன் பழக்கத்தில் அம்மாவின் முதுகில் கை வைத்துத் தள்ளப் போனான்.

"கைய எடுடே," என்றேன். "உங்கம்மா மூட்டை இல்ல."

கையை எடுத்தான். கொக்கியைக் கழற்றிப் படியை இறக்கினேன். அந்த அம்மா குழாயைப் பிடித்து, ஒரு படியில் நின்று மூச்சு வாங்கி, அடுத்ததையும் ஏறி உள்ளே போய் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"வண்டிய எடு தாயி," என்றார்.