நல்ல கண்ணை இறக்கிய கை

முதலில் உள்ளங்கைதான் வரும். "கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்று மையக்கா வாயால் சொல்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்குக்கு நேரே கையை விரித்து நீட்டுவார். கண்ணாடியோ கம்மலோ கைப்பேசியோ, முகத்துக்கும் அவருக்கும் நடுவே எது இருந்தாலும் அதில் வைத்துவிட வேண்டும். தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் கைப்பேசியில் யாரையோ அதட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கை நீண்டது. அவர் முறைத்தார். கை அப்படியே நின்றது. கடைசியில் பேச்சை முடிக்காமலே கைப்பேசியை அதில் வைத்தார். மேசைத் துண்டின் மேல் அது "சார், ஹலோ, சார்" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தது.

செய்தித் தொலைக்காட்சி ஒன்றின் நான்காம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே இருக்கிறது அந்த ஒப்பனை அறை. கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள். ஒன்று எரியாவிட்டாலும் அன்று முழுக்க மின்சாரக்காரருக்கு நிம்மதி இருக்காது. வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் புத்தகங்களைப் பற்றிப் பேச நான் அங்கே போகிறேன். என் முகத்துக்கு மையக்கா ஒதுக்குவது நான்கு நிமிடம். "உங்களுக்குக் கன்னம் ஜாஸ்தி சார். அதை ஒளிக்க முடியாது. பாக்கறவங்களை நெத்திப் பக்கம் இழுத்து விடலாம், அவ்ளோதான்" என்று முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். மை தீட்டுகிறவர் என்பதால் நிலையத்தில் யாரோ வைத்த பெயர் மையக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கொண்டையில் எப்போதும் ஒரு கறுப்புப் பென்சில் செருகியிருக்கும். தன் முகத்துக்கு எதுவும் போட்டுக்கொள்ள மாட்டார். கேட்டால், "என் மூஞ்சியை யாரு பாக்கப் போறா? வீட்டுக்காரர் பாப்பார். அவருக்குக் கோவம் வந்தா வலது புருவம் மட்டும் ஏறும். முப்பது வருஷமா அதைப் பாத்துதான் சமையல்ல உப்பு போடறேன்" என்பார்.

கண்களை அவர் பிரிக்கும் முறை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. இமையின் மேல் மடிப்பு இறங்கி மூடிக்கொள்ளும் கண் "கூச்சக் கண்ணு". அதைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிக் கோடு போடுவார். மூடச் சொல்லிப் போட்டால், திறந்ததும் மடிப்பு அதை விழுங்கிவிடும். மூக்கை நெருங்கி நிற்கும் கண்கள் "சண்டைக்காரக் கண்ணு". அங்கே கோடு மூக்கோரத்தில் தொடங்காது. நடு இமையில் தொடங்கி வெளிப்பக்கம் போகும். ஓரம் சரிந்தது "அழுமூஞ்சிக் கண்ணு". சரிவு வரும் முன்பே கோட்டை நிறுத்தி மேலே தூக்கிவிடுவார். கோடு போடும்போதெல்லாம் சுண்டுவிரல் எதிராளியின் கன்ன எலும்பில் ஊன்றியிருக்கும். "ஊன்ற இடம் கிடைச்சா என் கை நடுங்காது சார். அந்தரத்துல போடச் சொன்னா நானும் கிறுக்கத்தான் செய்வேன்."

அவரை மேதை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆண்களுக்குப் பவுடரைக் கூடுதலாக அப்புகிறார். யார் வந்து உட்கார்ந்தாலும் புருவத்துக்கு ஒரே வளைவுதான். மருமகளின் சோம்பலைப் பற்றி அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முகத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடாமல் இருக்க அவரால் முடிகிறது. படித்தவர்களிடம் இதை நான் அதிகம் கண்டதில்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். மையக்கா மேசையில் அட்டைகளைப் பரப்பிவைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தின் வெற்றுக் கோட்டுருவம். அதன் மேல் உண்மையான மையையும் வண்ணத்தையும் விரலால் தீற்றியிருந்தார். தான் வராத நாளில் மாற்று ஆள் அதே மாதிரி போடுவதற்காக ஆளுக்கு ஓர் அட்டை வைப்பது அவர் வழக்கம். அன்று மேசையில் இருந்தவை முப்பதுக்கு மேல். எல்லாம் ஒரே முகம். காலை எட்டு மணிச் செய்தியும் மாலை ஐந்து மணிச் செய்தியும் வாசிக்கும் பெண்ணின் முகம்.

"மேல் வரிசை காலை. கீழ் வரிசை சாயந்தரம். பாருங்க சார்" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பென்சிலை எடுத்துச் சுட்டினார். காலை அட்டைகளில் இரு கண்ணிலும் கோடு ஒரே மெலிசு. மாலை அட்டைகளில் வலது கண்ணின் கோடு வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டே வந்தது. இடது இமையில் மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சின்னக் கட்டம்: ஒட்டு நாடாவின் அடையாளம். வெளியே தெரியாத மெல்லிய நாடா. இமையைத் தூக்கிப் பிடிக்கும்.

"இடது இமை இறங்குது சார். காலையில நல்லா இருக்கு. சாயந்தரம் ஆக ஆகத் தொங்குது. நாடா போட்டு அதைத் தூக்கினேன். அப்பவும் ஒண்ணா வரல. அதனால வலது கண்ணுல தடியாப் போட்டு, நல்லா இருக்கற கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன்." அட்டைகளை அடுக்கினார், மறுபடி பரப்பினார். "ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு மேல சொல்லியிருக்காங்க. ஒண்ணாத்தான் இருக்கு."

அவருடைய சித்தி மகளுக்கு இப்படித்தான் தொடங்கியதாம். கண் இமை, பிறகு மெல்லுவது, பிறகு விழுங்குவது. கடைசியில் மூச்சுக்கே ஆஸ்பத்திரி. "டாக்டர் ரெண்டே கேள்வி கேட்டார் சார். எப்ப இறங்குது, எப்ப சரியாகுது. அதைச் சொல்ல வீட்ல ஒருத்தரும் பாத்து வைக்கல."

ஒப்பனைக்காரரின் இந்த நிலை என்னை உறுத்தியது. கோளாறு முதலில் தெரிவது அவர் கண்ணுக்கு. அதை மற்ற எல்லாருடைய கண்ணிலிருந்தும் மறைப்பதும் அவர் கைதான். சம்பளம் இரண்டாவதற்கு.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளிலும் சீக்கிரமே போனேன்; ஐந்து மணிச் செய்தியை அவர் அறைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது நானும் பார்த்தேன். அவர் உட்காரவே மாட்டார். பஞ்சுருண்டையைப் பிய்த்துக்கொண்டே நிற்பார். "கண்ணை எத்தனை தடவை மூடித் திறக்கறா பாருங்க." பிறகு, "அந்த 'நாடாளுமன்றம்' குழைஞ்சுது, கேட்டீங்களா?" எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் முகவாயைச் சற்றுத் தூக்கி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். இமைக்குக் கீழிருந்து வரிகளைப் பார்க்க அதுதான் வழி. செய்தி வாசிப்பவருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். அதை நிலையத்தில் எல்லாரும் படித்துச் சிரித்தார்கள். மையக்கா கடிதத்தை மடித்து அட்டைகளோடு வைத்துக்கொண்டார்.

அவளிடம் சொல்லாமல் இல்லை. மூன்று முறை சொல்லியிருக்கிறார். "தூக்கம் பத்தலக்கா" என்பாள் அவள். அக்காவின் தொந்தரவு தாங்காமல் ஒரு நாள் காலைச் செய்தி முடிந்த கையோடு டாக்டரிடம் போனாள். பார்த்தவர், அசதி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "காலைல போனா என்ன தெரியும்? அதோட, சாயந்தரம் வரைக்கும் தாங்கட்டும்னு நான் அன்னிக்குக் காலைலயே நாடா ஒட்டியிருந்தேன் சார். நான் ஒட்டின நாடாவோடயே போயிருக்கா!" இதைச் சொன்னபோது என் நெற்றியில் பவுடர் இரண்டு மடங்கு ஏறியது.

சென்ற வியாழன். நரம்பு டாக்டரிடம் மாலை ஆறரைக்கு நேரம் வாங்கிவைத்திருந்தார் மையக்கா. ஐந்து மணிச் செய்தி முடிந்து அவள் வந்து உட்கார்ந்தாள். மூலையில் நான் இருப்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. எண்ணெய் நனைத்த பஞ்சால் இரண்டு கண்ணையும் மையக்கா துடைத்தார். நாடாவை நகத்தால் நெம்பி எடுத்தார். இடது இமை பாதிக் கண்ணுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒப்பனையோடு வீட்டுக்குப் போய், விளக்கணைத்த பிறகே துடைத்துக்கொள்வாளாம்.

"இது எப்பலேர்ந்துக்கா?"

"ஒன்பது வாரம்."

"இவ்ளோ இருக்குன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன் பாப்பா. சரி பண்ணிட்டுச் சொன்னேன். அப்புறம் எப்படி நம்புவே?"

அவள் இடக்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "சனிக்கிழமை புது ஸ்டுடியோவுல யாரு வாசிக்கறதுன்னு முகம் பாத்து எடுக்கறாங்க. நாலு பேர்ல ரெண்டு பேருதான். அது முடிஞ்சதும் போறேனே. ரெண்டு நாள்தானேக்கா?"

"ரெண்டு நாள்னு ஒன்பது வாரமா நானே எனக்குச் சொல்லிட்டிருக்கேன்."

"உங்க கை இருக்கறவரைக்கும் எனக்கு என்னக்கா ஆகப்போகுது?"

மையக்கா அட்டைகளை ஓர் உறையில் போட்டு, மேலே 'காலை', 'மாலை' என்று எழுதி அவள் மடியில் வைத்தார். மாற்று ஆள் வராததால் கூடப் போக முடியாது. "உறையைக் குடுத்தா போதும். நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார்.

சரி, போகிறேன் என்று அவள் எழுந்தாள். கைப்பையையும் சீப்பையும் மேசையிலிருந்து அள்ளிக்கொண்டு வெளியேறினாள். மையக்கா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், கண்ணாடியைக் கொடுத்தேன். ஒரு கன்னத்துக்குப் பவுடர் போட்டிருப்பார். மறு கன்னத்துக்கு வரும்போது அவர் பார்வை மேசைக்குப் போனது. பஞ்சு, எண்ணெய், கத்தரி. நாடாச் சுருள் இருந்த இடம் காலி.

எந்த முகத்தையும் அவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. பவுடர் பஞ்சை என் மடியிலேயே போட்டுவிட்டு வெளியே ஓடினார். துண்டின் மேலிருந்த கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலுக்கு நானும் போனேன்.

லிஃப்டின் முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, வலக்கை பைக்குள்ளேயே இருந்தது. அக்காவைப் பார்த்ததும், "இந்த வராண்டாவைத் தாண்டறவரைக்கும்தான் ஒட்டிக்கறேன்… டாக்டர்கிட்ட போனதும் எடுத்துடறேன்" என்றாள்.

மையக்கா உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். லிஃப்ட் வந்தது. கதவு திறந்து, யாரும் ஏறாமல், மூடிக்கொண்டு கீழே போயிற்று. பைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை. நீட்டிய கை இறங்கவும் இல்லை. சுண்டுவிரலை ஊன்ற அங்கே கன்னம் எதுவும் இல்லாததால், அது நடுங்கிக்கொண்டிருந்தது.